அடுத்த தவணை

வார்பர்டனில் எனக்கு மருந்துக்கடை.
மாலை ஆறுக்குமேல் மஞ்சள் சட்டை மாட்டினால்
தீயணைப்புப் படையில் கடைசி ஆள்.
இரண்டுக்கும் ஒரே படிப்புதான் என்று
இந்த ஏப்ரலில்தான் புரிந்தது.

காட்டைக் கொளுத்தவும் ஒரு சீட்டு உண்டு.
நோயாளி: பள்ளிக்கூடத்துக்கு மேலே வடக்குச் சரிவு, நாற்பது ஹெக்டேர்.
வெயில் இருபது டிகிரியைத் தாண்டக் கூடாது.
காற்று பத்துக்குள்.
சருகில் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டாவது வேண்டும்.
தீ முழங்காலுக்குமேல் ஏறக் கூடாது.
கீழே ஒரு கையெழுத்து,
டாக்டர்களுடையதைவிட மோசம்.

திங்கள் மழை.
புதன் காற்று.
வெள்ளி எல்லாம் சரி, கேப்டன் ரஸ்ஸின் மகளுக்குக் கல்யாணம்.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
எங்களுக்கு மருந்து தொடங்கவே பதினேழு நாள்.

அதற்குள் ஊரே கடைக்கு வந்து போனது.
கொடியில் துணி காயப்போடலாமா?
வாம்பட் வளைக்குள் புகை போகாதா?
பல் பிரஷ் வாங்க வந்தவர்
சும்மா விட்டால்தான் என்ன என்று கேட்டு
அரைமணி நேரம் நின்று
பிரஷ்ஷை மறந்துவிட்டுப் போனார்.

டோரீன் ஹாலிஹான் எதுவும் கேட்கவில்லை.
மாதாமாதம் நீல இன்ஹேலர் ஒன்று, பழுப்பு ஒன்று.
பதினோரு வருடத்துக்கு முன் வீடு எரிந்தபோது
புகைபோக்கி மட்டும் நின்றது.
அவரிடம்
கொஞ்சம் தீ நல்லது என்று
நான் எந்த வாயால் சொல்வது?
நெருப்பென்றால் வாய் வெந்துவிடாதாம்.
அவர் முன்னால் வெந்தது.
வீட்டுச் சாவியைக் கல்லாமேல் வைத்தார்.
"ஜீலாங்கில் தங்கை வீட்டில் இருப்பேன்.
கோழிகளுக்குத் தண்ணீர் வை."

பதினெட்டாம் நாள், மதியம்.
வுருண்ட்ஜெரி குழுவிலிருந்து வந்த டேரன்
சீட்டை மடித்துப் பையில் செருகிவிட்டு
ஒரு புல்லைக் காதருகே வைத்து ஒடித்தான்.
சத்தம் பிடித்திருந்தது போல.
"இப்போ," என்றான்.

என் கையில் மூக்கு நீண்ட கேன், நுனியில் சுடர்.
சாய்த்தால் துளித்துளியாய்த் தீ விழும்.
சொட்டு மருந்து என்று சொல்லிக்கொண்டேன்,
தமிழில், யாருக்கும் கேட்காமல்.
மேட்டில் தொடங்கி, காற்றுக்கு எதிராக,
தீயைப் பின்னோக்கி நடக்க வைத்தோம்.
அதற்கு அவசரமே இல்லை.
சருகைத் தின்றது, பெரணியைத் தின்றது,
தைலமரத்தின் காலை நக்கிவிட்டு நகர்ந்தது.
ஊட்டியில் சளிக்குத் தேய்த்துக்கொண்ட அதே எண்ணெய்
இங்கே இலைக்குள் உட்கார்ந்து
ஜனவரிக்குக் காத்திருக்கிறது.
பல்லிக்கும் வண்டுக்கும் ஓட நேரம் இருந்தது.
பாங்க்ஸியாக் காய்கள் வெடித்து வாய் திறந்தன.
தெரிந்த சத்தம்:
அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கும் சத்தம்.

ஐந்து மணிக்கு ஒரு காற்று வந்தது,
சீட்டில் இல்லாதது.
ஒரு நிமிடம்தான்.
எரியும் பட்டைத் துணுக்கு ஒன்று கோட்டைத் தாண்டிப் போய்
டோரீன் வீட்டு வேலியில் உட்கார்ந்தது.
ஓடினோம். அணைத்தோம்.
பன்னிரண்டு அடி வேலி கரி.
கோழிகள் பிழைத்தன, முட்டையிட மறுத்தன.
பக்க விளைவுகள் என்று டப்பாவில் பொடி எழுத்தில் இருக்குமே,
அன்றைக்குத்தான் அதைப் பெரிய எழுத்தில் படித்தேன்.

அடுத்த திங்கள் டோரீன் வந்தார்,
முழங்கைவரை கரி.
வேலியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.
நான் தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம்
இருமல் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.
இன்ஹேலர்களைப் பையில் போட்டேன்.
"அடுத்தது எப்போது?"
"ஏழெட்டு வருடம் ஆகும்," என்றேன்,
"எவ்வளவு சருகு சேருகிறது என்று பார்த்து."
அவர் மருந்துச் சீட்டை ஆட்டிக் காட்டினார்.
இன்ஹேலரைத்தான் கேட்டிருக்கிறார்.
சிரித்தார். சிரிப்பின் நடுவில் இருமல்.
அது நின்றதும் ஜன்னல் வழியே சரிவைப் பார்த்தார்.
கருப்பு. இன்னும் இரண்டு கட்டை புகைந்துகொண்டிருந்தது.
"ஏழெட்டா," என்றார்.
"எனக்கு அப்போது எண்பத்து நாலு."

கதவு மணி அடித்தது.
பல் பிரஷ்காரர்.